பன்னிரு முதலியாரும் ஒரு திசாவையும்

யாழ்ப்பாணத்திலே காணி ஈடுவைக்கவோ விற்கவோ முற்படுகிறவர்களும், மகளுக்குச் சீதன உறுதி எழுதுகிற தகப்பன்மாரும் நொத்தாரிசின் மேசையடியில் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய சொல் 'தேசவழமை' என்பது. முதுசம், தேடியதேட்டம், சீதனம் என்று சொத்தை வகுத்துப் பேசும் அந்த வழமை நமது முன்னோர் ஏடெழுதி வைக்காமல் வாய்வழியாகவே காத்துவந்தது. அதனை முதன்முதலாக எழுத்திலே தொகுத்துத் தந்தவர் யார் என்று கேட்டால், நல்லூர் இராசசபையிலே இருந்த புலவர் ஒருவரை நினைப்போர் இருக்கக்கூடும். உண்மையில் அதைத் தொகுத்தவர் ஓர் ஒல்லாந்தர். கிளாஸ் ஐசாக்ஸ் என்பது அவர் பெயர். யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்தவர். புலவரோ சட்ட நிபுணரோ அல்லர்; ஒரு வியாபாரக் கம்பனியின் சம்பளக்காரர்.

கறுவாவும் யானையும் வாங்கி விற்க வந்த கம்பனிக்கு, வடமராட்சியிலே ஒரு விதவையின் சீதனம் எவருக்குப் போய்ச் சேரும் என்ற விசாரம் ஏன் வந்தது? அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு நாம் யாழ்ப்பாணக் கோட்டையை விட்டுச் சற்றுத் தூரம், அம்ஸ்ரடாம் வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

1602ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியைப் 'பதினேழு கனவான்கள்' எனப்பட்ட பணிப்பாளர் சபை ஆண்டது. ஆறு நகரங்களின் வணிகர்கள் அச்சபையில் இருந்தனர். 1619 முதல் யாவாவிலே பத்தாவியா என்ற நகரம் கீழைத் தலைமையிடமாயிற்று. நன்னம்பிக்கை முனையிலிருந்து யப்பானிய நாகசாக்கி வரை கம்பனியின் கொத்தளங்களும் பண்டகசாலைகளும் பரந்திருந்தன. இரண்டு நூற்றாண்டு காலத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் அதன் கப்பல்களிலே ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் புறப்பட்டனர். திரும்பிப் போனவர்கள் அவர்களிற் பாதிக்கும் குறைவு.

இத்தகைய பெரிய நிறுவனத்துக்குப் போட்டியாளரான போர்த்துக்கேயரையும் ஆங்கிலேயரையும் விடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. அது தூரம். கொழும்பிலோ கொச்சியிலோ இருக்கும் அதிகாரி ஒரு சந்தேகத்தைக் கேட்டு எழுதினால், ஒல்லாந்திலிருந்து மறுமொழி வந்துசேர ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு செல்லும். அதற்குள் கேட்டவர் வேறிடம் மாறியிருப்பார், அல்லது காய்ச்சலில் இறந்திருப்பார். ஆகவே 'அங்குள்ளவர்கள் சொல்லட்டும்' என்று காத்திருப்பது இயலாத காரியம். அந்தந்த ஊரில் நெடுங்காலம் இருந்து விடயம் அறிந்த தன் ஆளையே எழுதச் செய்து, அதை அடுத்து வருகிறவன் கையிலும் பத்தாவியாவின் மேசையிலும் அம்ஸ்ரடாமின் பெட்டகத்திலும் சேர்ப்பதே வழி. கம்பனியின் பலம் பீரங்கியில் இருந்தது என்று பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் எழுதிவிடுகிறோம். அதன் பலத்திற் பாதி இந்த எழுதுவிக்கும் பழக்கத்திலே இருந்தது என்பதே என் எண்ணம்.

கடற்பாதைதான் இதற்கு முதல் உதாரணம். ஆபிரிக்கக் கரையையும் இந்து சமுத்திரத்தின் நடுப்பகுதியையும் தழுவி வந்த பழைய வழியில் யாவாவைச் சேர ஓராண்டு வரை செல்வதுண்டு. 1611இல் ஹென்றிக் பிறவுவர் என்ற தளபதி நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே இறங்கி, அங்கு ஓயாது வீசும் மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடிப் பின்பு வடக்கே திரும்பினார். ஆறு மாதத்துக்குள் யாவா வந்து சேர்ந்தார். தனியொருவரின் இந்த அனுபவத்தைக் கம்பனி சில ஆண்டுகளுக்குள்ளேயே எல்லாக் கப்பல்களுக்கும் கட்டளையாக்கிற்று. இதில் ஓர் இடர் இருந்தது. கிழக்கே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறோம் என்பதைக் கடலிலே திட்டமாகக் கணிக்க அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. வடக்கே திரும்பப் பிந்திய கப்பல்கள் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலே போய் முட்டின. 1629இல் 'பத்தாவியா' என்ற பெருங்கப்பல் அப்படித்தான் பாறையில் மோதி அழிந்தது. அறிந்ததைப் பகிர்ந்தார்கள், அறியாதது எது என்பதைப் பகிரவில்லை.

படம் வரைகிற வேலைக்கும் கம்பனி தன் ஆளையே வைத்திருந்தது. 1617இல் ஹெசல் கெரிற்ஸ் என்பவரும், 1633இல் வில்லெம் பிளாவும், அவருக்குப் பின் அவர் மகன் யோவானும் கம்பனியின் படவரைஞராயினர். கப்பலோட்டிகள் தங்கள் நாட்குறிப்புகளைத் திரும்பி வந்ததும் ஒப்படைக்க வேண்டும். அவற்றைப் பார்த்துப் படம் திருத்தப்படும். திருத்திய படம் அடுத்த கப்பலுக்குப் போகும். பயணம் முடிந்ததும் அந்தப் படத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வெளியாருக்குக் காட்டலாகாது. வீட்டுக்குள்ளே கொடுப்பதும், வீட்டுக்கு வெளியே மறைப்பதும் என்ற இரண்டு புத்தியும் கம்பனிக்கு ஒருங்கே இருந்தன. நமது பரிகாரிமாரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாகடத்தைத் தன் மகனுக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்த அதே வைத்தியர், ஏட்டைப் பக்கத்து வீட்டாருக்குக் கண்ணிலும் காட்டமாட்டார்.

தரையிலிருந்த அதிகாரிகளுக்கு ஏற்பட்டது கையளிப்புக் குறிப்பு என்னும் வழக்கம். பதவி மாறிச் செல்லும் ஆளுநரோ, கொம்மாந்தர் எனப்பட்ட பிரதேசத் தலைவரோ, தமக்குப்பின் வருகிறவருக்காக நாட்டு நிலைமை முழுவதையும் எழுதிவைத்துச் செல்ல வேண்டும். இலங்கையைப் பொறுத்தவரை மாற்சுய்க்கர், வன் கூன்ஸ், வன் இம்ஹொவ், லோட்டன், ஸ்குறூடர் என்று வரிசையாகப் பல ஆளுநர்களின் குறிப்புகள் உள்ளன. இவற்றுட் பல இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்திலே பெயர்க்கப்பட்டுக் கொழும்பில் அச்சாகின. நூலகத்திலே கண்டால் நேயர்கள் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். வரண்ட அரச கடிதம் என்று எண்ணித் தொடங்குகிறவர், நூறு பக்கம் போனபின்பும் கீழே வைக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்துக்கு வாய்த்த குறிப்புகளுள் எனக்கு மிகப் பிடித்தது கொம்மாந்தர் ஹென்றிக் சுவார்டகுறூன் 1697இல் எழுதியது. அவர் மலையாளக் கரைக்கு வேறு வேலையாகப் போக நேர்ந்தது. தாம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாண ஆலோசனைச் சபையார் தடுமாறக்கூடாது என்பதற்காக எழுதினார். யானை பிடிப்பது, அவற்றை வாங்கவரும் வணிகரை எப்படி நடத்துவது, சாயவேர் கிண்டுவது, பனைமரம், வரி, கோயிற்பற்றுப் பாடசாலை என்று ஒன்றையும் அவர் விடவில்லை. சாயவேர் என்பது துணிக்குச் செந்நிறம் ஊட்டும் வேர்; மணற்பாங்கான நிலத்திலே கிண்டி எடுப்பது. அந்த வேரைப் பற்றி ஒரு கொம்மாந்தர் எழுதியிருப்பதை வாசிக்கையில், அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்த வேர்கிண்டியின் கை நமக்குத் தெரிகிறது. பெயர் தெரிவதில்லை.

முன்னையோர் இட்ட கட்டளைகளைச் சுவார்டகுறூன் தம் குறிப்பிலே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுவார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு பெரிய ஆணையாளராக வந்துபோன வன் றீட் பிரபு இன்னதைச் சொன்னார், அது இன்ன காரணத்தால் நடைபெறவில்லை என்றெல்லாம் எழுதுவார். ஒருவர் குறிப்பின் தோளில் இன்னொருவர் குறிப்பு ஏறி நிற்கிறது. நமது உரைமரபிலே இளம்பூரணரைச் சொல்லிவிட்டுத்தானே பின்வந்தோர் மாறுபடுவர்? தம்மைத் தாமே மெச்சிக்கொள்ளும் இடங்களும், பழியை முன்னவர் தலையில் ஏற்றும் இடங்களும் இந்தக் குறிப்புகளில் இல்லாமலில்லை. சுவார்டகுறூன் பின்னாளிலே பத்தாவியாவின் ஆளுநர் நாயகமாக 1718 முதல் 1725 வரை இருந்தார். யாழ்ப்பாணத்து யானையையும் வேரையும் நன்கறிந்த ஒருவர் கீழைத் தேசக் கம்பனி முழுவதற்கும் தலைவரானது இந்த ஏற்பாட்டின் இயல்பான பயன்.

இனி வன் றீட் பிரபுவைப் பார்ப்போம். அவர் மலையாளக் கரையின் கொம்மாந்தராக இருந்தபோது தொடங்கிய வேலைதான் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பன்னிரண்டு பாகத் தாவர நூல். 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் அச்சாயிற்று. எழுநூற்றுக்கு மேற்பட்ட மூலிகைகளும் மரங்களும் அதிற் சித்திரத்தோடு உள்ளன. அந்நூலின் உயிர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். தம் குடும்பத்து ஏட்டிலிருந்து மருந்துக் குணங்களைச் சொன்னவர் அவர். கொங்கணி பேசும் மூன்று பிராமண வைத்தியர்களும் உதவினர். மலையாளத்திற் சொன்னது போர்த்துக்கேயத்துக்குப் போய், அங்கிருந்து ஒல்லாந்தத்துக்கும், பின் இலத்தீனுக்கும் போயிற்று. இத்தனை வாய் மாறினால் பிழை வராதா என்ற ஐயம் வன் றீட்டுக்கே இருந்திருக்க வேண்டும். இட்டி அச்சுதனின் சான்றுரையை அவருடைய எழுத்திலேயே முதற்பாகத்தில் அச்சிடுவித்தார். தாம் சொன்னதே இங்கு உள்ளது என்று அறிவித்தவன் பெயர் நூலின் வாசலிலே நிற்கிறது. அக்காலத்து ஐரோப்பிய நூல்களில் இது அரிது. யாழ்ப்பாணத்திலிருந்து 1665 வரையில் ஊழியம் செய்த பாதிரியார் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட பெருநூலிலே நமது சமயம் பற்றிய பகுதியை, பெனிசியோ என்ற யேசுசபைத் துறவியின் கையெழுத்துப் பிரதியிலிருந்து பெயர் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். தமிழ் எழுத்தை ஐரோப்பியருக்கு அச்சிலே காட்டிய அந்த நூலுக்கு நாம் கடன்பட்டவர்கள்தாம். இருந்தாலும் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வன் றீட்டின் நூல் வெளிச்சத்துக்கு வந்தது. ரும்பியஸ் என்பவருடைய நூலுக்கு நேர்ந்த கதி வேறு. ஜேர்மனியிற் பிறந்து, கம்பனிப் படையிற் சேர்ந்து, 1654 அளவில் அம்பொன் தீவுக்கு வந்தவர் அவர். அங்கே உள்ள செடிகொடிகளை எழுதத் தொடங்கினார். 1670இல் கண்பார்வை போயிற்று. கம்பனி அவரை வெளியேற்றவில்லை. எழுதுகிறவர்களையும் படம் வரைகிறவர்களையும் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தது. 1674இல் வந்த பூமியதிர்ச்சியில் மனைவியும் மகளும் மாண்டனர். 1687இல் நகரம் தீப்பற்றியபோது சித்திரங்கள் எரிந்தன. மீண்டும் வரைவித்தார். 1692இல் முதற்பகுதியை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தனர். நல்லவேளையாகப் பத்தாவியாவின் ஆளுநர் நாயகம் காம்பய்ஸ், கப்பலேற்றுமுன் ஒரு பிரதி எடுப்பித்து வைத்திருந்தார். அந்தப் பிரதி அம்ஸ்ரடாம் போய்ச் சேர்ந்தது.

சேர்ந்தபின் என்ன நடந்தது? பதினேழு கனவான்கள் அதைப் பூட்டிவைத்தார்கள். வாசனைத் திரவியம் விளையும் தீவுகளைப் பற்றிய செய்தி போட்டியாளர் கையிற் கிடைத்துவிடும் என்ற அச்சம். கண்ணிழந்த மனிதர் நெருப்பையும் நிலநடுக்கத்தையும் கடந்து முடித்த நூல், அவர் 1702இல் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு சென்ற பின்பு, 1741 முதல் 1750 வரையிலேதான் அச்சேறிற்று.

இலங்கைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1670களில் கம்பனியின் மருத்துவராகக் கொழும்பில் இருந்த பவுல் ஹெர்மன் இந்நாட்டுத் தாவரங்களை உலர்த்தித் தொகுத்தார். அவர் இறந்தபின் அத்தொகுதி எங்கோ கிடந்தது. 1744இல் டென்மார்க்கின் அரச மருந்தாளர் ஒருவர் கைக்கு வந்து, அவர் அதைச் சுவீடனிலிருந்த லின்னேயசுக்கு அனுப்பினார். 1747இல் லின்னேயஸ் எழுதிய 'புளோரா செய்லானிக்கா' என்ற இலங்கைத் தாவர நூல் அந்த உலர்ந்த இலைகளிலிருந்து பிறந்தது. லின்னேயஸ் இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். அறிந்தவர் ஒருவர் சேர்த்து வைத்தது, அறிய விரும்பிய இன்னொருவரைச் சேர இரண்டு தலைமுறை எடுத்தது. அதுவும் கம்பனியின் ஏற்பாட்டால் அன்று, தற்செயலாக.

இப்போது மீண்டும் திசாவை ஐசாக்சிடம் வருவோம்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது முதல் கம்பனிக்கு ஒரு தொல்லை நீங்காமல் இருந்தது. காணி வழக்கு வருகிறது. தீர்ப்புச் சொல்ல இருப்பவர் சென்ற ஆண்டு கப்பலில் வந்தவர். உரோமச் சட்டம் தெரியும். ஒற்றி என்றால் என்னவென்று தெரியாது. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஒருவர் ஒன்றும் இன்னொருவர் வேறொன்றும் சொல்வர். கேட்கப்பட்டவருக்கும் அந்தக் காணியிலே ஒரு பங்கு இருக்கலாம்! ஆகவே ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சிமன்ஸ் 1706இல் ஐசாக்சைப் பணித்தார்: இந்நாட்டு வழமையை எழுதித் தருக.

ஏன் ஐசாக்ஸ்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மக்களோடு பழகியவர் அவர். அந்தக் காலத்திலே ஓர் ஒல்லாந்தர் முப்பது ஆண்டு ஓரிடத்தில் உயிரோடு இருப்பதே பெரிது. திசாவை என்ற முறையில் குடிகளின் பிணக்குகள் அவர் முன்னே வந்தன. சட்டம் படித்த ஒருவரைப் பத்தாவியாவிலிருந்து அழைப்பித்திருந்தால், அவர் படித்ததையே யாழ்ப்பாணத்தில் கண்டிருப்பார். சிமன்ஸ் செய்த தெரிவு புத்திசாலித்தனமானது.

1707இன் தொடக்கத்திலே ஐசாக்ஸ் எழுதி முடித்தார். முதுசம், சீதனம் பற்றி அவர் எழுதும் இடம் கவனிக்கத்தக்கது. ஆதியிலே முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் என்றிருந்த வழக்கம், போர்த்துக்கேயர் காலத்திலே மெல்லமெல்ல மாறிற்று என்று அவர் குறிக்கிறார். அதாவது, வழமை ஓடிக்கொண்டிருக்கும் நீர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் எழுதி முடித்த அன்றே அது தேங்கிப்போயிற்று. பின்னாளில் நீதிமன்றங்கள் 1707இல் இருந்தபடியையே வழமை என்று கொண்டன. அதற்குப்பின் மாறவேண்டியவை மாற 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் போன்ற புதுச் சட்டங்கள் தேவைப்பட்டன.

எழுதியதை ஐசாக்ஸ் தம் சொல்லோடு விட்டுவிடவில்லை. யான் பீருஸ் என்பவர் அதைத் தமிழிலே பெயர்த்தார். பன்னிரண்டு முதலியார்களிடம் அது கொடுக்கப்பட்டது. அவர்கள் வாசித்துப் பார்த்து, இதுவே எங்கள் வழமை என்று ஒப்பமிட்டனர். தமிழர் வழமை ஒல்லாந்தத்திலே எழுதப்பட்டு, மீண்டும் தமிழாகித் தமிழரிடமே சரிபார்க்க வந்தது. ஆங்கிலேயர் வந்தபின் 1806இல் ஓர் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். அப்போது அது மூன்றாம் முறையாக மொழி மாறி ஆங்கிலமாயிற்று. இதே நூற்றாண்டில், மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதன் பேரில் மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையைச் செய்ததை நேயர்கள் அறிவர். அங்கே கேட்டவர் அதிகாரி, எழுதியவர் புலவர். தேசவழமையிலே கேட்டவரும் அதிகாரி, எழுதியவரும் அதிகாரி; தமிழர் கையொப்பம் கடைசியில் வந்தது.

அந்தப் பன்னிருவரும் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலியார் பட்டம் பெற்றவர்கள், காணியும் ஆளும் உடையவர்கள், கம்பனியோடு ஊடாடியவர்கள். சொத்துப் பிரிவினையைப் பற்றி அவர்களைக் கேட்டது தகும். ஆனால் ஐசாக்சின் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. எந்தெந்தப் பிரிவினர் எவருக்கு அடிமை, அவர்கள் பிள்ளைகள் எவரைச் சேர்வர், அவர்கள் தேடிய சிறுபொருள் எவருக்குரியது என்று அது பேசுகிறது. அந்தப் பகுதியையும் 'சரி' என்று சொன்னவர்கள் அந்தப் பன்னிருவரே. அதிலே பேசப்பட்டவர்களுள் ஒருவரும் சபைக்கு அழைக்கப்படவில்லை. பெண்களின் சீதனத்தைப் பற்றிய பகுதியைப் படித்துப் பார்க்க ஒரு பெண்ணும் அழைக்கப்படவில்லை. கொச்சியிலே வன் றீட், மூலிகை அறிந்த ஈழவ வைத்தியரைத் தேடிப்போய் அவர் பெயரையும் அச்சிட்டார். முப்பதாண்டு பழகிய ஐசாக்சுக்கோ, அறிந்தவர் என்றால் முதலியாரே. மருந்து விடயத்திலே கீழிறங்கிக் கேட்ட கம்பனி, சட்ட விடயத்திலே மேலே மட்டும் பார்த்தது. கொச்சிக்காரரின் அறிவு ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டது. அடிமையின் சாட்சியம் எவருக்கும் தேவைப்படவில்லை.

1799இன் இறுதியிலே கம்பனி கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. அதன் கடிதங்கள் எஞ்சின. ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள் ஹேக், ஜக்கார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுண் ஆகிய நகரங்களில் உள்ளன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்தது. கொழும்புச் சுவடிக்கூடத்தில் உள்ள பகுதியை வாசிக்கப் பழைய ஒல்லாந்தம் தெரிய வேண்டும். நம்மிடையே அது தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தோம்புகளிலே நமது ஊர்க் காணிகளின் பெயர், உடையவனின் பெயர், பனைகளின் தொகை எல்லாம் அந்நிய எழுத்தில் கிடக்கின்றன.

தேசவழமையின் அடிமைப் பகுதி 1844இல் இலங்கையில் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதோடு வலுவிழந்தது. முதுசமும் சீதனமும் தேடியதேட்டமும் இன்றும் வழக்கேடுகளிலே புரண்டுகொண்டிருக்கின்றன. பழைய பதிப்பு ஒன்றை எடுத்துப் பார்ப்பவர் எல்லாப் பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம்; கடைசியிலே பன்னிரண்டு கையொப்பங்கள் இருக்கும்.